காம்பில்லாத நானூறு

நாகலாபுரத்திலேயே பாலி ஹவுஸ் போட்டவன் தான் ஒருத்தன்தான் என்று ஹரிபாபு ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் பீற்றிக்கொள்வான். அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் அவன் நுழைவது செல்ஃபி எடுக்க மட்டும். மஞ்சள் ஜெர்பெராப் பூச்செடிகளுக்குச் சொட்டு நீர் விடுவதும், குருத்தில் மண் ஏறாமல் விலக்குவதும், பழுத்த இலையைக் கிள்ளுவதும் அவன் மனைவி தேவசேனா. அவன் அறிவுக்கு அந்த செல்ஃபியே அதிகம் என்பது அவள் கணக்கு.

திருப்பதிக் கல்யாண மேடைக்கு நானூறு பூ கேட்டிருந்தார் அலங்காரம் செய்யும் கிரண்குமார். இது சரியாக அமைந்தால் வாராவாரம் எடுப்பதாகப் பேச்சு. அந்தப் பேச்சுக்காகவே மூன்று மாதமாக தேவசேனா எங்கும் நகரவில்லை. ஆனால் பறிக்கிற நாளன்று நகரியில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. அத்தை போகாமல் தீராது.

"மூணு மணிக்கெல்லாம் வந்து நானே பறிச்சுக்கிறேன். நீ கை வைக்காத" என்றாள் லீவு போட்டிருந்த புருஷனிடம்.

"பூ பறிக்கிறதுக்கு டிகிரியா வாங்கிக்கினு வந்த? போ, போ."

திரும்பி வந்தபோது இரண்டு கூடை நிறைய வெறும் பூத்தலைகள். சாமந்தி பறிக்கும் பெண்களைக் கூட்டிவந்திருக்கிறான். அவர்கள் வழக்கம்போலக் கழுத்தோடு கிள்ளிவிட்டார்கள். பாத்தியில் மொட்டைக் காம்புகள் நின்றன.

"காம்பு இன்னாய்யா ஆச்சு?"

"காம்ப வெச்சு துன்னவா போறாங்க?"

"மேடையில இத எதுல சொருகுவாங்க? உன் காதுலயா?"

நாலு மணிக்கு வண்டியோடு வந்த கிரண்குமார் கூடையைப் பார்த்தார். பிறகு ஹரிபாபுவைப் பார்த்தார். "வேற எடத்துல பார்த்துக்கிறேன் அக்கா" என்று திரும்பினார்.

"விரியாத மொட்டு நெறைய இருக்குது. அடுத்த மேடைக்குப் புதன்கிழமை வாங்க, காம்போட குடுக்கிறேன்" என்றாள் தேவசேனா.

"யாரு பறிப்பாங்க?"

"நான்தான். அந்தாளு டூட்டிக்குப் போயிருப்பாரு. சாவியும் என்கிட்டதான்."

கிரண்குமார் சிரித்துவிட்டார். "சரி. இன்னொரு தபா பார்க்கலாம்."

வண்டி போனதும் ஹரிபாபு கூடையைத் தூக்கினான். "கோயிலுக்காவது..."

"அத வை. விட்ட காம்பு அழுகினா குருத்தும் போயிடும். ஒண்ணொண்ணா அடியில பிடி, சாய்ச்சு இழு. கத்தி எடுத்தியோ, பார்த்துக்க."

இருபதாவது காம்பிலேயே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாளைக்குக் கம்பெனி பஸ்ஸில் இதையும் சொல்வானா என்று நினைத்தபடி, தேவசேனா அடுத்த பாத்தியைக் கை காட்டினாள்.