இன்னொரு கிண்ணத்தின் பாதம்

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து நிமிராமல் மேசைமேல் கவிழ்ந்திருந்தால் எவள் இடுப்புதான் தாங்கும்? பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பின்கட்டில், சன்னல் இல்லாத பழுதுபார்க்கும் அறையில், அவள் ஒரு கிரேக்கக் கிண்ணத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்தைந்நூறு வருடப் பழசு. மது குடிக்கிற கிண்ணம். உள்ளே நடுவட்டத்து ஓவியத்தில் ஒரு குடிகாரன் செருப்பை மாட்டத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பிரிக்கச் சொன்னவர் துறைத்தலைவர். அக்காள் புருஷன். அவளுடைய ஆய்வுக்கு நெறியாளரும் அவரே. கண்காட்சிக்கு முன்னால் மஞ்சள் பூத்த பழைய பசையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டச் சொல்லியிருந்தார். கிண்ணத்தைத் தாங்குகிற பாதத்தின் விளிம்பில் செய்தவன் பெயர் கீறியிருக்கிறது. அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் புத்தகம் எழுதினார், துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய ஆய்வேட்டிலும் கிண்ணத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு வெளியே போகும்.

அசிட்டோனில் நனைத்த பஞ்சோடு கிண்ணத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்திருந்தாள். ஆவியில் பசை இளகிப் பாதம் கையோடு வந்தது. தானாக உடைந்த மண் கரடுமுரடாக இருக்கும். இது வழவழவென்றிருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு பக்கமும் அரம் போட்ட கோடுகள், நடுவில் பித்தளை ஆணி. எவனோ வியாபாரி வேறொரு கிண்ணத்தின் பாதத்தை ராவி இதில் பொருத்தி, பேர் உள்ள சரக்காக்கி விற்றிருக்கிறான்.

அவரை வரச்சொல்லிக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒட்டிடு."

"மாமா, இது வேற கிண்ணத்தோட பாதம்."

"எனக்கும் கண்ணு இருக்கு. ஒட்டிடுன்னு சொன்னேன்."

"அப்ப செஞ்சவன் பேரு?"

"செஞ்சவன் எழுந்து வந்து கேக்கப் போறானா?"

"படம் எடுத்துட்டேன்."

"எடுத்த கையால அழிச்சிடு. கொழுந்தியாளாச்சேன்னு உள்ள விட்டேன் பாரு, எனக்கு வேணும். செங்கல் சூளையில கிடந்தவளுக்குக் கிரேக்கம் கேக்குதோ?"

"அதே சூளையில கிடந்தவளைத்தானே கட்டியிருக்கீங்க. அவ ஆக்கிப்போடற சோறு மட்டும் புழுதி வாடை அடிக்கலையா?"

அவர் கதவுக்குப் போய்த் திரும்பினார். குரல் ஏறவில்லை. "நாளைக்குக் கிண்ணம் முழுசா இருக்கணும். இல்லேன்னா உன் ஆய்வேடு குப்பைக்கூடைக்குப் போகும், உங்கக்கா பெட்டியோட உன் ரூமுக்கு வருவா. ரெண்டு பேருமா சேந்து ஓடு பொறுக்குங்க."

கொஞ்ச நேரத்தில் அக்காள் போன் செய்தாள். அவர் முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிட்டார்.

"பசைதான் இருக்கில்லடி? ஒட்டித் தொலைச்சா என்ன?"

"ஒட்டினா பொய்க்கா."

"உடைஞ்ச மண்ணுல என்னடி பொய்யும் மெய்யும்? அனுப்பிடுவேங்கறார். இந்த வயசுல மறுபடி கல்லு சுமக்கச் சொல்றியா? எட்டாவதோட என் பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு யாருக்காகடி சுமந்தேன்?"

அவள் பித்தளை ஆணியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அனுப்பினா எங்கிட்ட வாக்கா. இருக்கறதைத் திங்கலாம்."

"புருஷனைக் காப்பாத்திக் குடுன்னா சோறு போடறாளாம் சோறு. நல்லா படிச்ச." போனை வைத்துவிட்டாள்.

அவள் பசைக்குழாயைத் தொடவில்லை. பாதத்தை ஒரு பெட்டியிலும் கிண்ணத்தை ஒரு பெட்டியிலும் வைத்தாள். 'ஒன்றோடொன்று சேராதவை' என்று அட்டை எழுதி இரண்டிலும் கட்டினாள். அரம் போட்ட கோடுகளின் படங்களை தன் ஆய்வேட்டை மதிப்பிடுகிற குழுவில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினாள். அவருக்கும்தான்.

பிறகு அக்காளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. எட்டாவதோடு அக்காள் விட்ட படிப்பை இவள்தான் படித்திருந்தாள். அந்தக் கடனில் அவள் இதுவரை எதையும் அடைக்கவில்லை.