பிரஷ் வைக்கும் குழிகள்

அக்காவின் சமையலறையில் ஒருவர் குனிந்தால் இன்னொருவர் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவு குறுகல். ஒரு பக்கம் அத்தானின் அறை. அதில் அவரும் அவருடைய சாய்வு நாற்காலியும் பழைய செய்தித்தாள்களும் குடியிருந்தார்கள். மறுபக்கம், கொல்லையில், செங்குத்தாக ஒரு பாறை. தன் அறையில் கை வைத்தால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று அத்தான் மிரட்டியதால், பாறையை வெட்டித்தான் சமையலறையை நீட்டுவது என்று முடிவாகி, கொத்தனாருக்கும் சொல்லியாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அக்கா ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் தங்கை வந்து இறங்கினாள். கைவிடப்பட்ட பழைய கல்குவாரிகளைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறிப்பது அவள் வேலை. குறித்துவிட்டால் அங்கே யாரும் உளி வைக்க முடியாது, சட்டம் அப்படி. அந்த வட்டாரத்துப் பழைய வீடுகள், பாலம் எல்லாமே ஒரே சாம்பல் நிறக் கல். அதை எங்கே வெட்டினார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரியாத குழியே கிடையாது. பைக்ல ஏறு" என்றார் அத்தான்.

ஏறினாள், பாவம். முதல் குழி, மாடுகள் புரண்டு புரண்டு உண்டானது. அடுத்தது, ரோடு போட்டவர்கள் மண் அள்ளியது. ஓரத்தில் பிய்ந்த டயர்கூடக் கிடந்தது. அத்தானோ ஒவ்வொன்றையும் தானே வெட்டியதுபோலக் காட்டினார்.

"பள்ளம் மட்டும் போதாது அத்தான். கல் ஏத்தின வண்டி இறங்கிப் போன பாதை இருக்கணும். உதவாத கல்லைக் கொட்டின மேடு இருக்கணும். பாறையில ஆப்பு அடிக்கத் தோண்டின சின்னச் சின்னக் குழிங்க வரிசையா இருக்கணும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வாயை மூடினாத்தானே நான் திறக்க முடியும்."

இப்படியே தினமும் புழுதி குடித்துத் திரும்பினார்கள். கொத்தனார் வந்த அன்று காலை, தங்கை கொல்லையில் தூக்கக் கலக்கத்தோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தச் சாமானையெல்லாம் எடுத்துடுடி, பாறையை அடிக்கப் போறாங்க" என்றாள் அக்கா.

அத்தானின் பிரஷ்ஷைப் பாறையில் இருந்த ஒரு சின்னக் குழியிலிருந்து எடுத்தாள். அக்காவினுடையதை அடுத்த குழியிலிருந்து. அதற்கடுத்ததில் சீப்பு. அதற்கும் அடுத்தது, வந்த நாளிலிருந்து அவளே தன் பிரஷ்ஷைச் செருகி வைத்துவந்த குழி. எல்லாம் நூல் பிடித்ததுபோல ஒரே வரிசை. அவள் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலுக்கு வரும் சந்து நேராகச் சரிந்து சாலையில் இறங்கியது. பூசணிக்கொடி படர்ந்திருந்த மேட்டில் உடைகல் துருத்திக்கொண்டிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

வாயைத் திறக்காவிட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. உள்ளே அக்கா பாத்திரங்களை ஒதுக்கியபடி வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். தின்பதற்கு எது கிடைத்தாலும் பாதி பிட்டுத் தங்கைக்குக் கொடுத்து வளர்ந்த அக்கா அவள்.

"கொத்தனார் அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல நீ?"

"இருந்திருக்கலாம்க்கா. பாத்துட்டேனே." தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் மட்டும் டீ டம்ளரோடு வந்து பாறையைத் தட்டிக் கொடுத்தார். "நான் அப்பவே நினைச்சேன். சரி விடு, சட்டம்னா சட்டம்தான். இருக்கற இடத்துல சமைச்சுக்க வேண்டியதுதான்."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு சமையலறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"இந்தச் சுவரு?"

"அது செங்கல்க்கா. சட்டம் அதுக்கெல்லாம் கிடையாது."

"கொத்தனாரே, அதை இடிங்க."

அத்தானுக்குப் புரையேறியது. "என் நாற்காலி?"

"குவாரியிலயே போட்டுத் தரேன். உங்களுக்குத் தெரியாத குழி இது ஒண்ணுதானே, உக்காந்து நல்லாப் பாருங்க."

சுவர் விழுந்து புழுதி அடங்கியதும் அக்கா நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தாள், தங்கை மறுபக்கம். இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு, பக்கம் பக்கமாக, சமையலறை வழியாகவே கொல்லைக்கு நடந்து போனார்கள்.