துவைகல் நாற்பதில் நிற்க வேண்டும்

மருந்தை நிறுத்திய நாற்பத்தோராம் நாள் காலையில், சீவலப்பேரியில் ஐயம்பெருமாள் வீட்டுப் புறவாசலில் மட்டும் வெள்ளை வண்டல் படியத் தொடங்கியது. பக்கத்து வீடுகளில் ஒரு பொடிகூட இல்லை. ஐயம்பெருமாள் பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு வருடம் லஸ்கராக இருந்தவர். கால்வாய் மடைகளைத் திறப்பதும் மூடுவதும், தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதுவதும் வேலை. ஓய்வுபெற்ற அன்று கழித்துப்போட்ட, சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டார். வண்டல் அந்தப் பலகையின் அடியில்தான் படிந்தது.

அது எங்கிருந்து வருகிறது என்று அவர் மனைவி சுடலைவடிவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, சோறு வைத்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்து ஐயம்பெருமாள் மிகுந்த மரியாதையோடு, "தாயிக்கு எந்த ஊரு?" என்று கேட்டிருந்தார். மதுரையில் மூளையைப் படமெடுத்த மருத்துவர், மறதியைக் கொண்டுவரும் அமிலாய்டு என்னும் படிவு எண்பதுக்கு ஏறியிருக்கிறது என்று சொல்லி, ஓர் ஆய்வில் அவரைச் சேர்த்துக்கொண்டார். மாதம் ஒருமுறை கை நரம்பில் மருந்து ஏறியது. ஏறிய மறுநாளெல்லாம் வீட்டு வாய்க்காலில் அரிசி களைந்த தண்ணீர்போல வெள்ளையாக ஓடி வாழைக்குப் பாய்ந்தது. வாழை தாருக்கு நூற்றெண்பது காய் போட்டது. அந்தப் பழத்தைத் தின்றவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயங்கள் மறந்துபோயின. வடக்குத்தெருவில் இரண்டு குடும்பங்கள் பதினெட்டு வருட வரப்புத் தகராறை மறந்து சம்பந்தம் செய்துகொண்டன. ஒன்றரை வருடத்தில் படம் சுத்தமாக வந்தது. இனி மருந்து வேண்டாம் என்றார்கள். "மறுபடி படியும்மா. எவ்வளவு வேகமா படியும்னு வருசா வருசம் படமெடுத்துத்தான் பாக்கணும்" என்றார் மருத்துவர்.

படம் வருடத்துக்கு ஒன்று. பலகை தினமும் இருந்தது. ஐயம்பெருமாள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும் நேரத்தில் சுடலைவடிவு குனிந்து கோட்டைப் பார்ப்பாள். பெருக்கித் தள்ளினால் மூன்றாம் நாள் அதே கோட்டுக்கு வந்து நிற்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வருட முடிவில் இரண்டரை. மதுரைப் படமும் இரண்டரை என்றே சொன்னது. அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கணவர் கண்ணில் பட வேண்டாம் என்று அவள் பலகைக்குச் சாக்குப் போட்டு மூடினாள். "என்னட்டி அது?" என்று கேட்டவரிடம், "சுண்ணாம்பு" என்றாள்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர்வாருவது அங்கே வழக்கம். கடைசி நாளில் சுடலைவடிவு, கணவரிடம் வேலை பழகிய பரமசிவனைப் பைய அழைத்து, "இங்கனயும் கொஞ்சம் வழிச்சிருங்க" என்றாள். நான்கு பேர் வந்தார்கள். பலகை இடைஞ்சல் என்று பிடுங்கி வைத்து, கட்டாந்தரை தெரிய வழித்து, அள்ளி வாழைக்குப் போட்டு, ஆளுக்கு இரண்டு பழம் தின்றுவிட்டுப் பலகையைத் திரும்ப நட்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் சாக்கை விலக்கினாள். பலகை இருபத்து மூன்றரை காட்டியது. எட்டு வருடத்து வண்டல் ஒரே வாரத்தில். இந்தப் போக்கில் ஆனி முடிவதற்குள் எண்பது வந்துவிடும். அன்று மதியம் அயிரை மீன் குழம்பு வைத்தாள். பரிமாறும்போது தன் பெயரைத் தானே இரண்டு முறை சொன்னாள்.

"ஒம் பேரு சுடலைவடிவு, ஒப்பன் வச்ச பேரு, எனக்குத் தெரியும்" என்றார் ஐயம்பெருமாள். "என்ன வெசயம்னு சொல்லுட்டி."

அவள் புறவாசலைக் காட்டினாள். அவர் ஈரக் கையோடு போய்ச் சாக்கைத் தூக்கினார். வண்டலை ஒரு பார்வை, துவைகல்லை ஒரு பார்வை. பிறகு பரமசிவனுக்கு ஆள் அனுப்பினார்.

"ஏலே பரமசிவா, எத்தன வருசமா பலகை நடுத?"

"இருவது வருசம் இருக்கும் அண்ணாச்சி."

"பூச்சியம் எங்கன நிக்கின்னு பாக்காமலா நடுவாக? துவைகல்லு மேல்விளிம்பு நாப்பதுல நிக்கணும். இப்ப அறுவத்தொண்ணுல நிக்கி. வண்டல் ஏறலலே, நீ பலகைய எறக்கிட்ட."

பரமசிவன் தலையைச் சொறிந்தார். "மறந்துட்டேன் அண்ணாச்சி."

"மறதிக்காரன் நாந்தாம்லே. பிடி அந்தப் பக்கம்."

இருவரும் பலகையைத் தூக்கி, இருபத்தொரு சென்டிமீட்டர் உயர்த்தி நட்டார்கள். இரண்டரை. சுடலைவடிவு துவைகல்லில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணும் நனைந்துவிட்டது.

ஐயம்பெருமாள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "சுண்ணாம்புன்னா நம்பிருவனாட்டி? எண்பதுக்கு வர முப்பத்திரண்டு வருசம் ஆகும். அப்ப எனக்கு நூத்தி ரெண்டு. ஒன்னப் பாத்து நான் எந்த ஊருன்னு கேட்டா கோவப்படாமச் சொல்லு."

"முக்கூடல்னு சொல்லுதேன்."

"நல்ல ஊருதான். பொண்ணு எடுக்கலாம்" என்றார் அவர்.

அதன்பிறகு தூர்வாரும் வாரத்தின் கடைசி நாள் அந்தப் புறவாசலுக்கு என்று ஆனது. ஆளுக்கு ஒரு கூடை அள்ளித் தங்கள் வாழைக்குக் கொண்டுபோகிறார்கள்; மூன்றாம் நாள் வண்டல் தன் கோட்டுக்கு வந்துவிடுகிறது. பலகையைப் பிடுங்க மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. சாக்கு இப்போது நெல் மூட்டைக்குப் போய்விட்டது. காலையில் ஆற்றிலிருந்து வந்ததும் ஐயம்பெருமாளே மட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார், சுடலைவடிவு நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள். இந்த வருடம் ஐந்து. துவைகல் நாற்பதில் நிற்கிறது.