குசினி மேடையில் பாதி வெள்ளை

ஆழ்வாப்பிள்ளைத் தண்டையல் அந்த முறை நாகபட்டினத்திலிருந்து தான் தலைவராக ஓட்டுகிற பாய்க்கப்பலைக் கொண்டுவந்து வல்வெட்டித்துறையில் விட்டபோது, ஏற்றி வந்த கூரை ஓடுகளுக்கு நடுவே வைக்கோல் சுற்றிய ஒரு கல்லும் இருந்தது. ஆள் நீளமான கருங்கல். மேற்பக்கம் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும்வரை தேய்த்திருந்தார்கள். எங்கே தோண்டினாலும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கிளம்புகிற ஊர் அது. கருங்கல்லைக் கோயில் மூலஸ்தானத்திலும் வீட்டு அம்மியிலும்தான் சனம் கண்டிருந்தது. கப்பற்காரர் அதைக் கயிறு கட்டித் தடியில் கோத்துத் தூக்கி வந்தபோது, யாருக்குக் கோயில் கட்டுகிறீர்கள் என்று கரையில் நின்றவர்கள் கேட்டார்கள். மனுசிக்குக் குசினி கட்டப்போகிறேன் என்று தண்டையல் சொன்னார்.

நாகபட்டினத்தில் ஒரு வியாபாரியின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அந்த வீட்டு அம்மா இடுப்பளவு மேடையில் அடுப்பை வைத்து நின்றபடி சமைத்துக்கொண்டிருந்தாள். மேடைக்கு மேலே கறுப்புக் கல். அதைப் பார்த்ததும் ஆழ்வாப்பிள்ளைக்குத் தன் மனைவி மீனாம்பிகையின் நினைவு வந்தது. நிலத்தில் குந்தியிருந்து சமைத்துவிட்டு, ஒரு கையை முழங்காலிலும் மறுகையைச் சுவரிலும் ஊன்றி அவள் எழும்புவதை, ஊரில் நிற்கிற மாதங்களில் அவர் பார்த்திருக்கிறார். அங்கேயே ஒரு கல்லுக்குச் சொல்லிவிட்டார்.

வாடைக்காற்று தொடங்கியதும் கப்பல்கள் ஓடுவது நின்றது. தண்டையலுக்கு வேறு வேலை இல்லை. பழைய மண் அடுப்பை இடித்தார். சாணம் மெழுகிய நிலத்துக்குச் சீமெந்து போட்டார். நமசிவாயம் என்ற மேசனைப் பிடித்து, சுவரோடு மேடை கட்டி அதன்மேல் கல்லைப் பதித்தார்.

கல் ஏறியதும் குசினியின் முகமே மாறிப்போனது. முன்பு உள்ளே போகிறவர்களுக்கு முதலில் தெரிந்தது அடுப்பு. இப்போது கண் நேராகக் கல்லுக்குப் போனது. வெள்ளையடித்த சுவர் அதற்குப் பின்னால் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பித்தளைச் செம்பை வைத்தால் கல்லுக்குள்ளே இன்னொரு செம்பு தலைகீழாக நின்றது. கரி பிடித்த சட்டிகள் இனி அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று ஆழ்வாப்பிள்ளை அவற்றைக் கொட்டிலில் போட்டுவிட்டுப் புதுச்சட்டிகள் வாங்கினார். அயல் பெண்கள் பார்க்க வந்தார்கள். பக்கத்து வளவுக் கமலாவதி கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மீனாம்பிகை கொடுத்துவைத்தவள் என்றாள்.

“நல்லாயிருக்கு” என்று மீனாம்பிகையும் சொன்னாள்.

அவளுடைய கண் மங்கத் தொடங்கியிருந்தது. யாருக்கும் அது தெரியாது. நிலத்தில் இருந்து சமைத்த காலத்தில் எல்லாம் அவளைச் சுற்றி அரைவட்டமாக இருந்தன. உப்புச் சிரட்டை எங்கே, கடுகு எங்கே என்று கைக்குத் தெரியும்; கண்ணின் தயவு தேவைப்படவில்லை. இப்போது நிற்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கறுப்பில் இருந்தன. மழைக்கால வெளிச்சத்தில் கத்தி கல்லுக்குள் மறைந்தது. முருங்கையிலையும் மறைந்தது. கடுகைக் கொட்டினால் கொட்டியதுதான்.

ஒருநாள் கஞ்சிப் பானையை மேடையின் விளிம்பில் பாதி வெளியே வைத்துவிட்டாள். அது சரிந்து காலில் ஊற்றியது. இன்னொரு நாள் மீன் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாள். பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சுளகோடு பின்வாசலில் குந்தியிருந்து காய் நறுக்கத் தொடங்கினாள்.

அதைக் கண்டது தங்கமுத்து. தண்டையலின் தமக்கை, கணவன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு இருப்பவள். கடல் கடந்து தம்பி கொண்டுவந்த கல் இவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டாமென்றால் முதலே சொல்லியிருக்கலாம், மனிசன் முறிந்து வேலை செய்திருக்கத் தேவையில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்னாள். மீனாம்பிகை பதில் பேசாமல் காயை நறுக்கினாள். அந்தப் பேசாமையைத் தங்கமுத்து திமிர் என்று எடுத்துக்கொண்டாள். அன்றே தம்பியிடமும் சொல்லிவிட்டாள்.

ஆழ்வாப்பிள்ளைக்கு மனம் நொந்தது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை. அடுத்தநாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டுச் சுருட்டோடு உட்கார்ந்தார். கடலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கல்லும் திட்டும் எங்கே என்று சொல்லிப் பழகியவர். மனைவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவிய தேங்காய்ப்பூவை அவள் தடுமாறாமல் எடுத்தாள். உப்பும் அரிசியும் அப்படியே. முருங்கையிலைக்கு வந்தபோது உள்ளங்கையைக் கல்லில் வைத்து மெல்ல அரக்கிக்கொண்டு போனாள். கத்தி அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதை வேறு பக்கத்தில் தேடினாள்.

ஆழ்வாப்பிள்ளை எழும்பிப் போய்க் கத்தியை எடுத்து, அங்கே இருந்த, தட்டுப்போல் விரிந்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வைத்தார். அவள் கை நேரே கோப்பைக்குப் போனது. போன பிறகுதான், வைத்தது தான் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பினாள்.

“எப்ப துவங்கினது?” என்று கேட்டார்.

அவள் மறைக்கப் பார்க்கவில்லை. “போன மாரிக்கு முந்தி.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“என்ரை அக்காவைப் பாத்தனீங்கள்தானே.”

பார்த்திருந்தார். பொலிகண்டியில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய மூத்த சகோதரிக்கும் இப்படித்தான் கண் போனது. கண் தெரியவில்லை என்று சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் அவளைப் பாயில் இருத்திவிட்டார்கள். வெங்காயம் உரிக்கவும் விடவில்லை. சாப்பாடு கைக்கு வந்தது, தண்ணீர் கைக்கு வந்தது. என்ன நேரம், என்ன நேரம் என்று கேட்டுக்கொண்டே அவள் காலத்தைக் கழித்தாள்.

“ஒருத்தரும் அக்காவைக் கொடுமைப்படுத்தேல்லை” என்றாள் மீனாம்பிகை. “எல்லாரும் அன்பாத்தான் இருந்தினம். எனக்கு அந்த அன்புதான் பயம்.”

ஆழ்வாப்பிள்ளை சுருட்டை அணைத்தார்.

அந்தக் கிழமையே அவளைப் பஸ் ஏற்றிப் பட்டினத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கண் டாக்குத்தரிடம் காட்டினார். டாக்குத்தர் நல்ல மனிதர், நேரமெடுத்துப் பார்த்தார். கோளாறு கண்ணுக்குப் பின்புறத்தில் இருக்கிறது, வெட்டி எடுக்கிற வியாதி இல்லை, கண்ணாடி போட்டாலும் பெரிதாக உதவாது, ஆனால் மெல்ல மெல்லத்தான் போகும், நெடுங்காலம் கொஞ்சமாவது தெரியும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆழ்வாப்பிள்ளை, சமையலுக்கு யாரையாவது வைப்போம், நீ இனிக் கஷ்டப்படத் தேவையில்லை என்றார். மீனாம்பிகை முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர் நெருங்கி, நெல்லியடி தாண்டியும் அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் தமக்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தங்கமுத்து மன்னிப்புக் கேட்கிற ஆளல்ல. நேரே குசினிக்குள் போனாள். கல்லில் கிடந்த முருங்கையிலையை அள்ளி வெள்ளைக் கோப்பையில் பரப்பினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

“கறுப்புக்கு மேலை உந்த இலையை வைச்சால் எனக்கே சரியாத் தெரியேல்லை” என்றாள். “இப்ப பாரும், எப்பிடித் தெரியுது?”

மீனாம்பிகை குனிந்து பார்த்தாள். காம்பு வேறு இலை வேறாகத் தெரிந்தது.

“தெரியுது மச்சாள். இந்தக் கோப்பை கல்லளவு பெரிசா இருந்தால் எனக்கு ஒருத்தரும் தேவையில்லை.”

முழுக்க வெள்ளையாக்கினால் அரிசியும் தேங்காயும் மறைந்துவிடும் என்றும் அவளே சொன்னாள். பாதி போதும்.

ஆழ்வாப்பிள்ளை உடனே சுண்ணாம்பு கரைத்துக் கல்லின் பாதிக்குத் தன் கையால் பூசினார். காயும்வரை நன்றாகத்தான் இருந்தது. அடுத்தநாள் சமையல் முடிவதற்குள் மஞ்சள் பட்ட இடமெல்லாம் வெற்றிலை துப்பினாற்போல் சிவந்துவிட்டது. புளித்தண்ணீர் சிந்திய இடத்தில் சுண்ணாம்பு நுரைத்துப் பொரிந்தது. தங்கமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீனாம்பிகைக்கும் சிரிப்பு வந்தது. கல் வந்ததற்குப் பிறகு அந்தக் குசினியில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பட்டினத்துக் கடையொன்றில், பங்களாக்களின் குளியலறைச் சுவருக்குப் பதிக்கிற வெள்ளைப் பீங்கான் ஓடுகள் இருந்தன. மஞ்சளும் புளியும் அவற்றில் ஒட்டாது, துடைத்தால் போய்விடும். ஆழ்வாப்பிள்ளை ஒரு பெட்டி கொண்டுவந்தார். நமசிவாயம் வந்து அளந்து பார்த்துவிட்டு, கல்லின் மேல் ஓட்டை ஒட்டினால் நடுவில் ஒரு படி வந்துவிடும், பார்க்க அழகிராது, கல்லைப் பாதியாக வெட்டி எடுத்துவிட்டு ஓடு பதிப்போம் என்றான்.

“வெட்டு” என்றார் ஆழ்வாப்பிள்ளை. உடனே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கல்லைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார்.

மீனாம்பிகை முன்னே வந்து மேடையைத் தொட்டாள். “வெட்டவேண்டாம். மேலையே ஒட்டுங்கோ. அந்தப் படி இருக்கட்டும். எது கறுப்பு, எது வெள்ளை எண்டு கைக்குத் தெரியும். பிறகு ஒருநாள் அது எனக்கு உதவும்.”

எந்த நாளைச் சொல்கிறாள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. சீமெந்து பிடிக்க வேண்டுமென்றால் மினுக்கிய பக்கத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும் என்று மட்டும் நமசிவாயம் சொன்னான். உளியின் சத்தம் அன்று பகல் முழுக்கக் கேட்டது. ஆழ்வாப்பிள்ளை வெளியே போகவில்லை. பக்கத்தில் நின்று தெறித்த தூளைத் தென்னம் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தபோது குசினி முன்பிருந்ததுபோல் இருக்கவில்லை. யன்னல் பக்கத்துப் பாதி வெள்ளை, அடுப்புப் பக்கத்துப் பாதி கறுப்பு. யன்னலால் வந்த வெளிச்சம் வெள்ளையில் பட்டு மேற்கூரைவரை போனது. இருண்டிருந்த மூலைகள் தெரிந்தன. ஆனால் அது சேர்ந்தும் சேராமலும், தைத்து முடிக்காத சட்டைபோல் இருந்ததென்று சொன்னவர்களும் உண்டு. கமலாவதி வந்து பார்த்துவிட்டு, ஏன் இந்த நல்ல கல்லை மூடினீர்கள் என்று கேட்டாள். மீனாம்பிகை தயங்கினாள். தங்கமுத்து முந்திக்கொண்டாள்.

“உது ரங்கூன் மோஸ்தர். அங்கை இப்ப எல்லாப் பெரிய வீடுகளிலையும் உப்பிடித்தான்.”

தங்கமுத்து பருத்தித்துறைக்கு அப்பால் போனவள் அல்ல. கமலாவதி நம்பிக்கொண்டு போனாள். அடுத்த பங்குனிக்குள் அவளும் தன் குசினியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு மேடை கட்டுவித்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஒருவர் கட்டினார். எந்தப் பக்கத்தில் எதை வைப்பதென்று அந்த வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த வீட்டில் அது சட்டமாகிவிட்டது. இலையும் கடுகும் கத்தியும் வெள்ளையில். அரிசியும் மாவும் தேங்காய்ப்பூவும் கறுப்பில். யாராவது மாற்றி வைத்தால் தங்கமுத்து சும்மா விடமாட்டாள். தம்பி தண்ணீர் குடித்துவிட்டு வெள்ளிச் செம்பை வெள்ளைப் பக்கத்தில் வைத்ததற்கு அவரும் ஏச்சு வாங்கினார். மீனாம்பிகையின் கையிலிருந்து எதையும் தங்கமுத்து பிடுங்கவில்லை. கேட்டால் மட்டும் உதவினாள். கேட்காத நேரத்தில் வாசலில் இருந்து ஊர்க்கதை கதைத்தாள்.

காற்று மாறிக் கப்பல்களை மறுபடி கடலில் இறக்குகிற காலம் வந்தது. புறப்படுகிற நாள் மத்தியானம் ஆழ்வாப்பிள்ளையின் கப்பற்காரருக்கு வீட்டில் சாப்பாடு. மீனாம்பிகை தானே எல்லாம் செய்தாள். வெள்ளைக் கணவாய் மீனைக் கறுப்புப் பக்கத்தில் போட்டு வெட்டினாள். மிளகையும் கறிவேப்பிலையையும் வெள்ளையில் பரப்பினாள். தங்கமுத்து பக்கத்தில் இருந்து கமலாவதி வீட்டு மேடையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இவள் சிரித்துச் சிரித்துக் கறியைக் கிண்டினாள்.

டாக்குத்தரிடம் போய்வந்த நாளிலிருந்து ஆழ்வாப்பிள்ளை அவள் எதைச் சமைத்தாலும் அருமை, அருமை என்றே சொல்லிவந்தார். அன்று கணவாய்க் கறியை ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார்.

“உப்புக் கூடிப்போச்சு” என்றார், தன்னை மறந்து. சொன்ன உடனே முகம் வாடிப்போய் மனைவியைப் பார்த்தார்.

மீனாம்பிகை அகப்பையில் ஒட்டியிருந்த கறியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“ஓம். அது கண்ணாலை இல்லை, மச்சாளின்ரை கதையாலை” என்று சொல்லிவிட்டு, உறைப்பைத் தணிக்க வைத்திருந்த தேங்காய்ப்பால் சொதியை எடுத்துவந்து அவருடைய சோற்றில் தாராளமாக ஊற்றினாள்.