ஆமத்தூர் உதயதாரகை தோற்ற ஏழு ஆட்டங்கள்

1955ஆம் வருஷம் ஆமத்தூர் உதயதாரகை கால்பந்துக் குழு தோற்ற ஏழு ஆட்டங்களில் முதலாவது, அடுத்த வருஷம் தை மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமையன்று, வெற்றியாக மாறியது. அதை முதலில் கண்டவர் குழுவின் செயலாளரான பொன்ராஜ் சார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் சிவகாசியில் நோட்டீஸாக அடித்துப் பள்ளிச் சுவரில் ஒட்டுவதும், ஒரு பிரதியைத் தம் நோட்டில் ஒட்டி வைப்பதும் அவர் வழக்கம். சாத்தூர் மூன்று, ஆமத்தூர் பூஜ்யம் என்று இருந்த நோட்டீஸில் அன்று சாத்தூர் பூஜ்யம், ஆமத்தூர் இரண்டு என்று இருந்தது. காகிதத்தில் சுரண்டிய தடம் இல்லை, மையும் பழைய மைதான். கோல் காக்கும் செல்லப்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். தீப்பெட்டிக் கம்பெனியில் பண்டல் கட்டிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன சார் இப்படிக் கேக்கீக? ரெண்டு கோல்ல ஜெயிச்சோம்லா. மழைகூடத் தூறுச்சே" என்றான். மழை தூறியது உண்மைதான். அந்தத் தூறலில்தான் மூன்று கோலும் வாங்கினார்கள் என்பது பொன்ராஜுக்குத் தெரியும். ஆனால் எட்டுப் பேரிடம் கேட்டார், எட்டுப் பேரும் இரண்டு என்றார்கள்.

இந்த ஏழு தோல்விகளுக்காகத்தான் நான்கு மாதம் முன்பு குழுவின் மேனேஜர் ஊர்க்காவலனை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அவர் பூனாப் பட்டாளத்தில் பந்தாடிவிட்டு ஊர் திரும்பி, தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் வேலை பார்த்தவர். அவர் வரும்வரை ஆமத்தூர் ஆட்டம் என்பது பந்தை ஆகாயத்துக்கு உதைத்துவிட்டு எல்லோரும் அதன் பின்னால் ஓடுவது. தரையிலேயே உருட்டுங்கள், பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுங்கள் என்றார் ஊர்க்காவலன். கொடுக்கப் பழகுவதற்குள் எதிராளி பறித்துக்கொண்டு போனான். ஏழாவது ஆட்டம் முடிந்ததும் கமிட்டி கூடியது. "இன்னும் ரெண்டு வருசம் பொறுங்க, பயலுகளுக்குக் காலு பழகிரும்" என்று கைகட்டி நின்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். வேண்டும் என்று இரண்டு கை, வேண்டாம் என்று இரண்டு கை. ஐந்தாவது கை பொன்ராஜுடையது. அவர் நிறுத்திவிடலாம் என்று தூக்கினார், தாமே கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுப் பியூனிடம் கொடுத்தனுப்பினார். ஊர்க்காவலன் மனைவி சின்னத்தாயைக் கூட்டிக்கொண்டு அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பிறகு வருஷத்துக்கு ஒரு தோல்வி என்ற கணக்கில் மாறிக்கொண்டு வந்தது. 1957இல் திருமங்கலம் ஆட்டம் மாறியபோது பள்ளி அலமாரியில், சாக்பீஸ் டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. அதன் மேல் தூசிகூடப் படிந்திருந்தது. 1958இல் கோவில்பட்டி ஆட்டம் மாறிய வாரத்தில், விருதுநகருக்கு வத்தல் மூட்டை ஏற்றி வந்த கோவில்பட்டிக் கேப்டன் பொன்ராஜைச் சந்தையில் மறித்து, ரெஃப்ரி உங்கள் பக்கம் சாய்ந்துதான் எங்களைத் தோற்கடித்தீர்கள் என்று சண்டைக்கு வந்தார். அந்த ஆட்டத்தில் அவருடைய ஆட்கள் ஐந்து கோல் போட்டவர்கள். பொன்ராஜ் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

இருளாண்டியின் டீக்கடையில் இதற்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. முதல் வருஷம் வாதம் சாதாரணமாக இருந்தது. தோற்றவரை அனுப்பியது சரி என்றது ஒரு கட்சி, அவசரப்பட்டுவிட்டார்கள் என்றது இன்னொன்று. நாலாவது ஆட்டம் மாறியபோது, நாலு ஜெயித்து மூன்று தோற்றவரை எவனாவது அனுப்புவானா என்று அவசரக் கட்சி பெருத்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கத்தினார்கள். 1962இல் ஏழாவதும் மாறியது. அப்புறம் ஒரே கட்சிதான். ஏழும் ஜெயித்த மனிதரை எதற்காக நிறுத்தினார்கள் என்பதே கேள்வி. பொறாமை என்றார்கள். பொன்ராஜின் மச்சான் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார் என்றார்கள். பொன்ராஜுக்கு மச்சானே கிடையாது. வேதக்கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கத் தொடங்கியது.

அவர் மனைவி ஞானபூரணி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தோற்று வந்த பையன்களின் முழங்காலுக்கு டிஞ்சர் போட்டவள் அவள். சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்காவது சொல்லுங்க. ஏழும் ஜெயிச்சவரை ஏன் நிறுத்துனீக?"

"தோத்தோம், பூரணி. ஏழும் தோத்தோம். நீதான அழுத பயலுகளுக்குக் கட்டுப் போட்டே?"

"ஜெயிச்ச சந்தோஷத்துல அழுதானுக" என்றாள் அவள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, புறங்கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அது அவளுக்கு இன்னும் கவலையாகப் போயிற்று.

அன்றிலிருந்து பொன்ராஜுக்குத் தம் மேலேயே சந்தேகம் வந்தது. கரும்பலகையில் ஏழும் எட்டும் பதினைந்து என்று எழுதிவிட்டு, நேற்றும் பதினைந்துதானா என்று வகுப்பைக் கேட்டார். பிள்ளைகள் ஆமென்றார்கள். அவர்களை நம்புவதா என்று புரியாமல் சாக்பீஸோடு நின்றார். தாம் அனுப்பிய கடிதத்தின் கார்பன் பிரதியைத்தான் அவ்வப்போது எடுத்து வாசிப்பார். தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோல்வியுற்றமையால், என்று அது மட்டும் பழையபடியே இருந்தது.

1964 ஆனி மாதம் அதுவும் மாறியது. சொந்த வேலை காரணமாகத் தாங்கள் விலகிக்கொள்வதைக் குழு வருத்தத்துடன் ஏற்கிறது என்று இருந்தது. கீழே பொன்ராஜின் அதே கையெழுத்து. ஊரில் கேட்டால், ஊர்க்காவலனை யாரும் நிறுத்தவில்லையே, அவராகத்தானே போனார் என்றார்கள். கோயில் பெஞ்சில் பக்கத்து இடம் நிரம்பியது. இருளாண்டி அவருக்கு டீயில் பாலாடை போட்டுக் கொடுத்தான். மூன்று வாரம் பொன்ராஜ் நன்றாகச் சாப்பிட்டார், பாட்டுகூடப் பாடினார். நாலாவது வாரம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நான் நிறுத்தவே இல்லையென்றால், தன் வீட்டுக் கதவருகே பியூனிடம் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்ட மனிதர் என்ன ஆனார்? அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

ஆவணியில் குழுவின் ஆண்டுவிழா. தலைவர் பழைய மேனேஜரின் ஏழு வெற்றிகளைப் புகழ்ந்து, அவர் தாமாக விலகியதுதான் நமக்கு நஷ்டம் என்று முடித்தார். கைதட்டல் அடங்குமுன் பொன்ராஜ் எழுந்தார். "அவரா விலகல. நான் நிறுத்தினேன். அஞ்சாவது கை என் கை. தோத்துட்டார்னு நிறுத்தினேன்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். செல்லப்பாண்டி வந்து கையைப் பிடித்து, "வெயில்ல வந்திருக்கீக சார். இங்கன நிழல்ல உக்காருங்க" என்றான். தான் செய்த தப்பை ஒத்துக்கொள்ளக்கூட ஓர் ஊரில் இடம் இல்லாமல் போகும் என்று பொன்ராஜ் அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் பஸ் ஏறி அச்சங்குளம் போனார். ஊர்க்காவலன் வாசலில் வேப்பமரத்தடியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வாங்க சார் என்பதற்குள் பொன்ராஜ் கேட்டுவிட்டார்.

"சாத்தூர்ல நாம ஜெயிச்சமா, தோத்தமா?"

ஊர்க்காவலன் பம்பை நிறுத்தினார். "மூணு கோல்ல தோத்தோம் சார். கடைசிக் கோல் செல்லப்பாண்டி காலுக்கு நடுவுல போச்சு."

பொன்ராஜ் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். ஊர்க்காவலன் பக்கத்தில் குந்தினார். "இங்கன வர்ற ஆமத்தூர்க்காரவுக எல்லாம் ஜெயிச்சோம் ஜெயிச்சோம்னு சொல்றாக. வீட்ல சின்னத்தாய்கூடச் சொல்றா. நமக்குத்தான் மருந்து நெடில மூளை குழம்பிப்போச்சோன்னு இருந்துட்டேன். நீங்களும் அம்புட்டுத் தோல்வியும் வச்சிருக்கீகளா?"

"ஏழும் இருக்கு. உங்களை அவசரப்பட்டு அனுப்பிட்டோம். ரெண்டு வருசம் குடுத்திருக்கணும்."

"அதெல்லாம் இல்ல. அனுப்புனது சரிதான்" என்றார் ஊர்க்காவலன் கொஞ்சம் கோபமாகவே. "கோவில்பட்டி ஆட்டத்துல காலு வீங்குன பயல இறக்கிவிட்டேன். அது என் தப்பு. வருத்தம் வேற சார். காயிதத்தைப் பியூன் கையில குடுத்து விட்டீக. சின்னத்தாய்க்கும் எனக்கும் வாசிக்கத் தெரியாது. அவனே வாசிச்சான், தெருவே கேட்டுச்சு. நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

பொன்ராஜ் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு ஊர்க்காவலனுக்கு நேர் எதிரே நின்றார். "ஊர்க்காவலன், ஏழு ஆட்டம் தோத்துட்டோம். கமிட்டி உங்களை மேனேஜர் வேலையிலிருந்து நிறுத்துது. நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நான்தான் கை தூக்கினேன்."

ஊர்க்காவலன் பட்டாளத்துக்காரராக நிமிர்ந்து நின்று கேட்டார். "சரிங்க சார்" என்றார். பிறகு முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

ஆமத்தூரில் எதுவும் பழையபடி திரும்பவில்லை. வெள்ளிக் கோப்பை அலமாரியிலேயே இருந்தது, அடுத்த வருஷம் அதற்கு ஈயம் பூசப் போய் அது வெள்ளி என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். பொன்ராஜ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அச்சங்குளம் பஸ்ஸில் ஏறுவார். எங்கே போகிறார் என்று ஞானபூரணி கேட்டாள், தோல்வியைப் பேசப் போகிறேன் என்றார். சரி, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் உதயதாரகை ஏழு ஆட்டமும் தோற்றிருந்தது. மேனேஜரை அவசரப்பட்டு அனுப்பிவிட்டோம் என்று செயலாளர் வாதாடினார், இன்னும் ரெண்டு ஆட்டம் முந்தியே அனுப்பியிருக்கணும் என்று மேனேஜர் அடித்துப் பேசினார். சின்னத்தாய் ஜெயித்தவர்கள் எதற்கு இப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பேருக்கும் சோறு எடுத்து வைத்தாள்.