முன்பல்லுக்கு ஒரு வேண்டுதல்

ரெங்கராஜுக்குச் சர்க்கரை வந்து பத்து வருடமாகிறது. அது பாட்டுக்கு அது இருந்தது, அவர் பாட்டுக்கு அவர் இருந்தார். மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வார். ஞாபகம் அமாவாசைக்கு அமாவாசை வரும். திருச்சி பாலக்கரையில் அவருடைய பெயிண்ட் கடைக்கு நேர் எதிரே பிராங்க்ளினின் டீக்கடை. ரெங்கராஜ் கல்லாவிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கூடவே ஒரு தேங்காய் பன்னும் சாலையைக் கடந்து வந்துவிடும்.

இந்தச் சுமுகமான ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு முன்பல்.

மகள் சுபலட்சுமியின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்றுதான் வீட்டில் எல்லோரும் அதை ஒழுங்காகப் பார்த்தார்கள். ஈறு தளர்ந்துபோய் மேல்வரிசைப் பல் ஒன்று வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா செந்தமிழன் கேமராவைக் கண்டால் முப்பத்திரண்டையும் காட்டுகிறவர். அவர் பக்கத்தில் நின்றதால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

"அப்பா, எல்லா போட்டோவுலயும் விசில் அடிச்சு பஸ்ஸ நிறுத்துற கண்டக்டர் மாதிரி இருக்கீங்க" என்றாள் சுபலட்சுமி. "கல்யாண ஆல்பத்துல இந்தப் பல்லு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

புத்தூரில் பல் டாக்டர் அனுசுயா அந்தப் பல்லை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு பல்லைத் தொடவே இல்லை.

"இதை எடுத்துட்டு வேற பல் வைக்கலாம். ஆனா இப்ப மாட்டேன். இவ்வளவு சர்க்கரையோட எடுத்தா புண் லேசுல ஆறாது. ஈறு இப்படி ஆனதுக்கும் சர்க்கரைக்குப் பெரிய பங்கு இருக்கு."

"ரெண்டு நாள் டயம் குடுங்க டாக்டர், குறைச்சுட்டு வந்துடறேன்."

"பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்கிற மாதிரி ரெண்டு நாள் பட்டினி கிடந்துட்டு வருவீங்க, அதானே? நான் பார்க்கிறது மூணு மாசச் சராசரி. அதை ஏமாத்த முடியாது. இப்ப பத்துக்கு மேல இருக்கு. எட்டுக்குக் கீழ கொண்டுவாங்க, பல்லுல கை வைக்கிறேன்."

"கல்யாணம் வைகாசிக் கடைசியில..."

"இப்ப மாசிதானே? உங்க சர்க்கரை டாக்டர் குடுத்த மாத்திரையை தினம் போடுங்க. நடங்க. சோத்தைக் குறைச்சு காயைக் கூட்டுங்க. இனிப்பை விடுங்க. வைகாசிக்குள்ள பல்லு கிடைச்சிடும்."

ரெங்கராஜுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மாத்திரையைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைத்தார். டீயை விட்டார். பன்னை விட்டார். மறந்தது ஒன்றைத்தான்: பத்திரிகை வைக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் உறவு முறிந்துவிடும். வாட்ஸப்பில் அனுப்பினால் பகை. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத் தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்து வீடு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். போன வீட்டில் வாய் நனைக்காமல் எழுந்து வரவும் கூடாது. வந்தால், அந்த வீட்டார் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். அப்படியே வந்தாலும் ரசத்தில் உப்பில்லை என்று நாலு பேரிடம் சொல்வார்கள்.

முதல் பத்திரிகை ஸ்ரீரங்கத்தில் அவர் மனைவி வேணியின் பெரியம்மா மயிலம்மாளுக்கு. உட்கார்ந்ததும் காபி வந்தது.

"பெரியம்மா, அவருக்குச் சுகர். காபி வேணாம்" என்றாள் வேணி.

"தெரியாமயா? அதனாலதான் சீனியே போடல. நாட்டுச்சர்க்கரை போட்டிருக்கேன். குடிங்க மாப்பிள்ளை, உடம்புக்கு நல்லது."

அடுத்த வீட்டில் சீனியும் இல்லை, நாட்டுச்சர்க்கரையும் இல்லை, கருப்பட்டி. "பனைமரத்துக்குச் சுகர் வந்து எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த வீட்டுக்காரர். ரெங்கராஜ் யோசித்துப் பார்த்தார். பார்த்ததில்லை. குடித்தார். அதற்கடுத்த வீட்டில் சுக்குத் தண்ணீரில் தேன். இன்னொரு வீட்டில், பாவம் சர்க்கரைக்காரர் என்று, பெரிய சொம்பு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி. கடைசி வீட்டில் திராட்சை ஜூஸைக் கொடுத்துவிட்டு மேலே பாகற்காய்ச் சாறும் கொடுத்தார்கள். இரண்டும் உள்ளே போய் அடித்துக்கொண்டு சரியாகிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் மிஷின் முந்நூற்று நாற்பது காட்டியது.

"மிஷின் ரிப்பேர்" என்றார் ரெங்கராஜ்.

வேணி தன் விரலைக் குத்தி அதே மிஷினில் வைத்தாள். தொண்ணூற்றாறு.

"ஒரு வீட்லயும் ஒரு சிட்டிகை சீனி போடலியே, நீயும் பக்கத்துலதானே இருந்த?"

"நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் வயித்துக்குள்ள போய் வாசல்ல பேரைச் சொல்லிட்டா நிக்கும்? உள்ள போனா எல்லாம் சர்க்கரைதாங்க. ஒரு சொம்பு கஞ்சியும் அப்படித்தான்."

உப்பிலியபுரத்தில் நிலைமை இன்னும் மோசம். சித்தப்பா மருதை பச்சமலைப் பலாச்சுளையைத் தட்டில் குவித்து வைத்திருந்தார். "மலையில விளைஞ்சதுடா ரெங்கு. இது பழமில்ல, மூலிகை" என்றார். மூலிகை என்ற வகையில் ரெங்கராஜ் பன்னிரண்டு சுளை சாப்பிட்டார். பல் ஒவ்வொரு சுளைக்கும் ஒருமுறை ஆடியது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி, வைகாசியில் செந்தமிழன் பக்கத்தில் நிற்பதை நினைத்துக் கவலைப்பட்டார்.

மறுநாள் உறையூரில் அவருடைய அக்கா சந்திரம்மாள் வீடு. அக்கா காபிக்கெல்லாம் போகவில்லை. நேராக லட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போவாங்க. என் மருமக கல்யாணத்துக்கு நான் ஒரு லட்டு ஊட்டக் கூடாதா? ஒண்ணு தின்னா உசிரா போயிடும்? வாயைத் திறடா."

லட்டு உதட்டை நெருங்கியது. நெய் வாசனை மூக்கில் ஏறியது. ரெங்கராஜுக்கு அந்த நொடியில் ஏன் அப்படித் தோன்றியது என்று பின்னால் யோசித்தும் பிடிபடவில்லை.

"அக்கா! சமயபுரத்தாளுக்கு வேண்டுதல்!"

லட்டு அந்தரத்தில் நின்றது.

சந்திரம்மாள் மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா, தெரியாமப் பண்ணிட்டேன். ஏண்டா, இதை வந்ததும் சொல்றதுக்கென்ன? டாக்டர் கீக்டர்னு என்னவோ உளறிட்டிருக்க! என்ன வேண்டுதல்?"

"சுபா கல்யாணம் முடியற வரைக்கும் இனிப்பு தொடறதில்லைன்னு..."

வேணி தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "அது மட்டுமில்ல அண்ணி" என்றாள். "திருச்சி, ஸ்ரீரங்கத்துக்குள்ள மிச்சப் பத்திரிகை எல்லாம் நடந்தே போய் வைக்கிறதாவும் வேண்டியிருக்காரு. சோறும் ஒரு வேளைக்கு ஒரு கரண்டிதான். மிச்சம் காய்."

வெளியே வந்ததும் ரெங்கராஜ் அவளைப் பிடித்துக்கொண்டார். "நடைய ஏன்டி சேர்த்த?"

"நீங்க லட்டுக்கு மட்டும் வேண்டினீங்க. டாக்டர் சொன்னது மிச்சமிருந்துச்சே."

"பொய் சொல்லிட்டோமே வேணி. அதுவும் அவ பேர்ல. மத்த சாமின்னாலும் பரவாயில்ல."

வேணி அதற்கும் தயாராக இருந்தாள். தட்டிலிருந்து மஞ்சள் தடவிய துணியை எடுத்து, ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்து, வடக்கே சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். "இப்ப பொய் இல்ல. நிஜமாவே வேண்டியாச்சு. கும்பிட்டுக்கோங்க."

அன்றிலிருந்துதான் ரெங்கராஜுக்கு வைத்தியம் ஆரம்பமானது.

மறுநாள் காலை காந்தி மார்க்கெட் பக்கத்தில், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஓர் ஆட்டோவில் ஒரு காலை வைத்தார். மறு கால் இன்னும் ரோட்டில்தான் இருந்தது. போன் அடித்தது. சந்திரம்மாள்.

"தம்பி, ஆட்டோவில ஏறுறியாமே?"

"இல்லக்கா, வழி கேட்டேன்."

"பொறந்த ஊர்ல என்னடா வழி?"

அவர் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தார். வேணி கடக்கவில்லை. வேண்டுதல் அவருடையதுதானே. அவள் சுபலட்சுமியின் ஸ்கூட்டியில் முன்னால் போய், சொந்தக்கார வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அவர் பங்குக் காபியையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருப்பாள். வேர்த்து விறுவிறுத்து ரெங்கராஜ் படியேறும்போது ஒரு தம்ளர் நீர்மோர் காத்திருக்கும். வீட்டார் எழுந்து நின்று கொடுப்பார்கள்.

"வேண்டுதல்ங்கிறீங்க, கால்ல ஷூ போட்டிருக்கீங்களே?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆத்தாவே கனவுல வந்து சொல்லிட்டாங்க" என்றாள் வேணி. "சுகர் உள்ளவன் வெறுங்கால்ல நடந்தா புண்ணு வந்தாலும் தெரியாது, ஷூவைப் போடுன்னு."

மாம்பழச்சாலையில் ஒரு வீட்டில் வெல்லம் கரைத்த பானகம் வந்தது. அது சமயபுரத்தாளே பக்தர்களுக்காகப் பட்டினி கிடக்கிற பங்குனி மாதம். "இது விரதத்துக்கு உள்ளதுங்க. அம்மனுக்கே நைவேத்தியம் இதுதானே" என்றார்கள்.

"அம்மன் குடிக்கலாங்க" என்றார் ரெங்கராஜ். "அவங்களுக்குச் சுகர் இல்ல."

டாக்டர் சீட்டைக் காட்டியபோது பேரம் பேசிய உறவுக்கூட்டம், சாமி பெயரைக் கேட்டதும் கட்டுக்கோப்பான காவல்படையாக மாறிவிட்டது. பந்தியில் இரண்டாவது கரண்டி சோறு வந்தால் பக்கத்து இலைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். ஒருநாள் ரெங்கராஜ் மனசு தளர்ந்து பிராங்க்ளினைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். டீ வரவில்லை. பிராங்க்ளின்தான் வந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணே. எங்க சாமின்னா பாவமன்னிப்பு கேட்டுக்கலாம். உங்க அம்மா நேரா கண்ணைக் குத்திருவாங்க. அதுவும் குடுத்தவன் கண்ணை."

சித்திரை பிறப்பதற்குள் அவர் பேர் பரவிவிட்டது. பத்திரிகையை வாங்கிக்கொண்டவர்கள் தங்கள் கோரிக்கைகளையும் ஒப்படைத்தார்கள். எங்கள் பையனுக்கு வேலை கிடைக்கணும், அதையும் சேர்த்து நடங்க. மயிலம்மாள் தன் முழங்கால் வலியை அவர் கணக்கில் எழுதச் சொன்னாள். ரெங்கராஜ் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் நடந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மத்தியானத்தில் கல்லாவில் தலை கவிழ்ந்து தூங்குவது நின்றதால், கடைப் பையன்கள் அவரைச் சபித்தார்கள்.

வைகாசி முதல் வாரம் அனுசுயா புதுச் சீட்டைப் பார்த்தார். ஏழு புள்ளி ஆறு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் ஏழு புள்ளி ஆறுதான்.

"என்ன பண்ணீங்க?"

"பத்திரிகை வச்சேன் டாக்டர்."

பல் போனது. புண் சொன்னபடி ஆறியது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அதே இடத்தில் வெள்ளையாக, நேராக, ஒழுக்கமாக ஒரு புதுப்பல் வந்து உட்கார்ந்தது. ரெங்கராஜ் கடையில் வார்னிஷ் டப்பாவின் மூடியில்கூட அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. போட்டோகிராபர் அஜித் இரண்டு சம்பந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். செந்தமிழன் உடனே முப்பத்திரண்டையும் திறந்து வைத்தார்.

"அங்கிள், நீங்களும். நல்லா சிரிங்க!"

ரெங்கராஜ் இதற்காகத்தான் மூன்று மாதம் நடந்தார். வாயைத் திறந்தார்.

"வேண்டுதல் முடிஞ்சிருச்சுடா தம்பி!" என்று கூவிக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து லட்டோடு வந்தாள் சந்திரம்மாள்.

ரெங்கராஜ் படக்கென்று மூடினார். லட்டு கன்னத்தில் உதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் பார்த்தால், மணமேடையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் வரிசை நின்றது. மூன்று மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்த மொத்த உறவும், விரதம் முடித்துவைக்கும் புண்ணியத்துக்கு ஆளுக்கொரு இனிப்போடு வந்திருந்தது. மருதை சித்தப்பா கையில் பலாப்பழ அல்வா. மயிலம்மாள் கையில் நாட்டுச்சர்க்கரை அதிரசம். பிராங்க்ளின் ஒரு கேக்கே செய்து எடுத்து வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லலாம்தான்; சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். வேணியைத் தேடினார். அவள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், ஒரே ஒரு சிரிப்பு!" என்று கெஞ்சினான் அஜித். "சிரிங்க சம்பந்தி!" என்று செந்தமிழனே ஒரு ஜாங்கிரியை எடுத்தார்.

பல்லா, ஜாங்கிரியா? ரெங்கராஜ் மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்.

ஆல்பம் ஆடி பிறந்த பிறகு வந்தது. ஆடி அழைப்புக்கு வந்திருந்த சுபலட்சுமி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் படத்திலும் அப்பா வாயை மூடியிருந்தார். எல்லாப் படத்திலும் ஓரத்திலிருந்து யாருடைய கையோ இனிப்போடு அவரை நோக்கி நீண்டிருந்தது.

"அப்பா, உங்களை யாரோ கடத்திட்டு வந்து கல்யாணம் பண்ணிவைக்கச் சொன்ன மாதிரி இருக்கீங்க. அந்தப் பல்லு எங்கப்பா?"

"அன்னிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் எவ்வளவு தெரியுமா?" என்றார் ரெங்கராஜ். "நூத்தி நாப்பத்தஞ்சு!" சொல்லிவிட்டு, காதுவரைக்கும் வாயைத் திறந்து சிரித்தார்.