வீசாத கை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வண்டிக்காரி என்றே பேர். அழுக்குத்துணியும் வெளுத்த விரிப்பும் ஏற்றிய இரும்பு வண்டியை வார்டு வார்டாகத் தள்ளித் தள்ளி வலது முழங்காலில் நீர் கோத்துவிட்டது. கிழிசல் தைக்கிற மேசையில் ஓர் இடம் காலியானதும் ஓடிப்போய்க் கேட்டாள். உட்கார்ந்து செய்கிற வேலை. அது கிடைக்காவிட்டால் கால் போய்விடும்.

உடல்நலம் பார்க்கிறோம் என்று நிர்வாகம் எல்லார் மணிக்கட்டிலும் நடை எண்ணும் பட்டையை மாட்டிவிட்டிருந்தது. கை வீசினால்தான் அந்தச் சனியனுக்கு நடை. வண்டிக்காரியின் கைகளோ நாளெல்லாம் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கட்டைபோல் கிடக்கும். அவள் நாத்தனார் மடிப்பு மேசையில் நின்ற இடத்தில் நின்று விரிப்புகளை உதறுவாள். உதறுவதெல்லாம் நடையாக ஏறும். போன வாரம் வீட்டில் அதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தவளே நாத்தனார்தான். நின்ன இடத்திலேயே ஊரைச் சுத்திட்டேன்டி என்றாள்.

இன்று சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டார். பட்டைகளின் கணக்கு ஓடும் திரையைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. நாத்தனார் ஓடி ஓடி உழைக்கிறாளாம், தையல் இடம் அவளுக்காம். வண்டிக்காரி அசையாமல் கிடக்கிறாளாம், நடந்தால் முட்டி சரியாகிவிடுமாம், இன்னொரு வார்டையும் சேர்த்துத் தள்ளட்டுமாம்.

வண்டிக்காரி கால்சட்டையைச் சுருட்டி வீக்கத்தைக் காட்டினாள். கருவி பொய் சொல்லாது என்றார் அவர். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாத்தனார் தரையில் எதையோ தொலைத்தவள்போல் குனிந்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் நாத்தனார், தனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, வந்ததை எப்படி வேண்டாமென்பது என்று இழுத்தாள்.

"உங்க இடுப்பு எனக்குத் தெரியாதா அண்ணி? தினம் தைலம் தேய்ச்சு விடுறது யாரு? கேட்டிருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேன். வாயை மூடிக்கிட்டு நின்னு என்னைச் சோம்பேறி ஆக்கிட்டீங்களே."

சொல்லிவிட்டு நேரே போய்த் தையல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்து கத்தினார். எழுந்திருக்காவிட்டால் வேலையை விட்டே அனுப்பிவிடுவாராம்.

"அனுப்புங்க. நாற்காலியோட தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. இந்தக் கால் இனி நடக்காது."

வண்டி வழியை மறித்து நின்றது. மேலே வார்டுகளிலிருந்து விரிப்பு கேட்டு மணி அடித்தது, விடாமல் அடித்தது. சூப்பர்வைசர் நாத்தனாரை முறைத்தார். அவள் தயங்கித் தயங்கிப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். வண்டி அசையவில்லை. இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள்.

வண்டிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. கிழிந்த விரிப்பு ஒன்றை மடிமேல் இழுத்துப் போட்டாள்.